நம்பர் ஜாஸ்தியா இருக்கான்னு பாத்துக்கோங்க

1

இந்தக் கதை ஒரு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்திலிருந்து பிறந்தது. இதைவிட மேலான இடத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஒரு மழை, ஒரு மரணம், ரயிலில் எதிர் இருக்கையில் அழுத பெண் என்று மற்ற எழுத்தாளர்களுக்கு என்னென்னவோ வாய்க்கிறது. எனக்கு வாய்த்தது அரசாங்கம் அச்சடித்த ஸ்டார் லேபிள். பரவாயில்லை, இதை வைத்தே எழுதிவிடுவேன். அந்தத் தெம்பு எனக்கு உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்கா ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தியைச் சொல்லிவிட்டாள்.

"நேத்து ஃப்ரிட்ஜ் வாங்கிட்டேன்டா. கடைசியா ரெண்டு நின்னுச்சு. ஒரே சைஸ், ரெண்டுக்கும் மூணு ஸ்டார். லேபிள்ல ஒண்ணுக்கு இருநூத்தி நாப்பத்தாறுன்னு போட்டிருந்தான், இன்னொண்ணுக்கு முந்நூத்திப் பதினெட்டு. நான் எத எடுத்திருப்பேன், சொல்லு பாக்கலாம்?"

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "முந்நூத்திப் பதினெட்டு!"

வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய பெண்ணின் பெயரை வாசிக்கிற குரல் அது. ஆனால் அந்த எண் மார்க் இல்லை. ஒரு வருஷத்தில் அந்த ஃப்ரிட்ஜ் இழுக்கப்போகிற கரண்ட், யூனிட் கணக்கில். குறைந்தால்தான் நல்லது. இது எல்லாருக்கும் தெரிந்த

[அடித்துவிட்டேன். எல்லாருக்கும் தெரியாது. எனக்கே என் மனைவி சொல்லித்தான் தெரியும்.]

மனைவி அதே அறையில் நான்கடி தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் கம்பெனிகள் லேபிளில் போடுகிற எண் நிஜம்தானா என்று சோதித்துப் பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. முந்நூற்றுப் பதினெட்டு என்று கேட்டதும் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, நல்ல நம்பராப் பாத்து வாங்கிட்டேன்னு."

"சூப்பர்க்கா" என்றேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு அது. (இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் எழுபத்திரண்டு. முதல் பிரதியில் எண்பத்திரண்டு என்று எழுதியிருந்தேன். திருத்தியது யாரென்று பின்னால் வரும்.)

2

தொடக்கங்களில் நான் கெட்டிக்காரன். இந்தக் கதைக்கு மூன்று எழுதினேன். மூன்றும் ஊத்திக்கொண்டன.

தொடக்கம் ஒன்று: "முப்பத்திரண்டு டிகிரி வெப்பத்தில் அடைபட்ட அந்த அறையில், அவள் ஃப்ரிட்ஜின் கதவை மெல்லத் திறந்தாள். குளிர்ந்த காற்று அவள் நெற்றி முடியைக் கலைத்து"

இந்த இடத்தில் மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"டெஸ்ட் ஓடும்போது நான் கதவத் தொறந்தேன்னா எழுதியிருக்கீங்க?"

"ஒரு அழகுக்குத்தான்."

"அழகா என் வேலைக்கு உலை வைக்கிறீங்க. கதவத் தொறந்தா அன்னிக்கு டெஸ்ட்டே காலி. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

சொல்லியிருக்கிறாள். ஃப்ரிட்ஜை அந்த அறைக்குள் நிறுத்தி, உள்ளே ஒவ்வொரு தட்டிலும் கட்டைவிரல் அளவு செம்புத் துண்டு வைத்து, அதிலிருந்து மயிரிழை மாதிரி ஒயர்களைக் கதவு ரப்பர் வழியாக வெளியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டால் சாத்தினதுதான். நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டே இருக்கும். இப்படி நாள் கணக்கில் ஓடினபிறகுதான் அந்த ஒற்றை எண் வரும்.

"நம்ம வீட்டுல ஒரு நாளைக்கு நாப்பது தடவ கதவத் தொறக்குறோமே. அப்ப உன் நம்பர் நம்ம வீட்டுக்குப் பொருந்தாதே?" என்று ஒருமுறை மடக்கப் பார்த்தேன்.

"பொருந்தாதுதான். இது நம்ம வீட்டுக்கு ஜோசியம் சொல்ற நம்பர் இல்ல. எல்லா ஃப்ரிட்ஜையும் ஒரே தராசுல ஏத்திப் பாக்குறோம். எது கம்மியா இழுக்குதோ, அது நம்ம வீட்டுலயும் கம்மியாத்தான் இழுக்கும். நீங்க நாப்பது தடவ தொறந்தாலும் சரி, நாலு தடவ தொறந்தாலும் சரி."

இதைவிடத் தெளிவாக எனக்குக் கட்டுரை எழுத வராது. ஆனாலும் முயன்றேன்.

தொடக்கம் இரண்டு: "அன்பார்ந்த நுகர்வோரே! நீங்கள் கடையில் நிற்கிறீர்கள். உங்களுக்குத் தெரிவது நிறமும் கதவு சாத்துகிற சத்தமும்தான். அடுத்த பத்து வருஷம் அந்தப் பெட்டி உங்கள் வீட்டு மூலையில் நின்று என்ன செய்யப்போகிறது என்று விற்பவரும் சொல்லமாட்டார், பெட்டியும் சொல்லாது. அதைச் சொல்வதற்காக, முன்பின் தெரியாத ஒருத்தி வியர்க்க வியர்க்க ஓர் அறைக்குள் போய் வந்திருக்கிறாள். அவள் யாரிடமும் கமிஷன் வாங்கவில்லை. உங்களிடம் நன்றியும் கேட்கவில்லை. உள்ளங்கை அகலக் காகிதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள் என்றுதான்"

நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் இது மேடையில் மைக் பிடித்தவன் குரல். கதைக்கு ஆகாது.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: லேபிளில் அந்த எண்ணுக்கு மேல் 'ஆண்டு மின் நுகர்வு' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நுகர்தல் என்றால் மோந்து பார்ப்பது என்றும் பொருள் உண்டல்லவா? கடையில் முதல்முறை படித்தபோது, கெட்டுப்போன பாலை மோப்பம் பிடித்துச் சொல்கிற ஃப்ரிட்ஜ் போலிருக்கிறது என்று நான் வியந்து நின்றேன். மனைவி சிரித்த சிரிப்பில் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைந்தால் நல்லது' என்று இரண்டு சொல் சேர்க்கச் சொல்லி அவள் மேலிடத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டாள். பரிசீலிக்கிறார்களாம்.)

தொடக்கம் மூன்று: "ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லித்தந்த ஒரு டீச்சருக்கு, ஒரு சின்னக் காகிதத்தைப் படிக்கத் தெரியவில்லை."

இதை எழுதிவிட்டு நானே ரசித்துச் சிரித்தேன். இதன் கதி ஐந்தாம் பகுதியில்.

3

இப்போது அந்த போன் பேச்சு. கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள்.

ஆறு வருஷமாக அக்கா என் மனைவியிடம் நேராகப் பேசியதில்லை. சண்டை என்று எதுவும் கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்தபோது, "இந்தப் பொண்ணு வேணாம்டா, எதுக்கெடுத்தாலும் அளந்து பாக்குது" என்று அக்கா சொன்னாள். அளந்து பார்ப்பதுதான் அவள் உத்தியோகம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அந்தப் பேச்சை அப்படியே கொண்டுபோய் இவளிடமும் சொன்னேன். வேடிக்கை என்று நினைத்துத்தான் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அன்றிலிருந்து, இவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே "அவளுக்கு டீ வேணுமான்னு கேளு" என்பாள் அக்கா. "வேணாம்னு சொல்லுங்க" என்பாள் இவள். நடுவில் நான்.

அப்படியிருக்க, போன சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் இவள் போன் அடித்திருக்கிறது. எடுத்தால் அக்கா! கடையிலிருந்து. அன்று சாயங்காலம் மனைவி வீட்டுக்குள் நுழைந்த தோரணையைப் பார்த்து, பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"உங்க அக்கா எனக்கு போன் பண்ணாங்க. எனக்கு!" என்றாள். காய் நறுக்கும்போது ஒருமுறை, சாப்பிடும்போது ஒருமுறை, மறுபடியும் சொன்னாள்.

என்ன பேசினார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை, அக்கா வந்து போனபிறகுதான் விவரமாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "ரெண்டுலயும் ஸ்டார் ஒண்ணுதான். வேற எதப் பாக்கணும்?" என்று அக்கா கேட்டாளாம். இவள் பதில்:

"கீழ ஒரு நம்பர் இருக்கும் அண்ணி. நம்பர் ஜாஸ்தியா இருக்கான்னு பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். கடைச் சத்தத்தில் போன் வைக்கப்பட்டது.

'பாத்துக்கோங்க.' இந்தச் சொல்லை நான் மூன்று நாள் மென்றேன். படிக்கட்டில் வழுக்கும், பாத்துக்கோங்க என்றால் எச்சரிக்கை. பால் பொங்குதான்னு பாத்துக்கோங்க என்றாலும் எச்சரிக்கை. பணம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க என்றால்? இருக்கவேண்டும், இருப்பதை உறுதி செய்துகொள் என்று அர்த்தம். ஜாஸ்தியாக இருந்தால் உஷார் என்று இவள் சொன்னாள். ஜாஸ்தியாக இருக்கவேண்டும் என்று அக்கா கேட்டாள். இருபத்தாறு வருஷம் மார்க் போட்ட ஆளுக்கு, ஒரு காகிதத்தில் இரண்டு எண் இருந்தால் பெரியதுதானே ஜெயிக்கும்? யாரைக் குற்றம் சொல்வது? என்னைக் கேட்டால் தமிழைத்தான் சொல்வேன்.

4

ஒரு ஃப்ரிட்ஜ் போனால் போகிறது என்று விட்டிருப்போம். வருஷத்துக்கு எழுபத்திரண்டு யூனிட்டில் அக்கா குடி முழுகிவிடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசல் வரை போனவள் திரும்பி நின்று சொன்னாள்:

"ஸ்கூல் விடுதிக்கு இருபத்திரண்டு வாட்டர் ஹீட்டர் வாங்கணும்டா. கமிட்டிக்கு நான்தான் தலைவி. வெள்ளிக்கிழமை கையெழுத்து. இதே மாதிரி நம்பர் பாத்து எடுத்துட வேண்டியதுதான்."

கதவைச் சாத்திவிட்டு மனைவி அதிலேயே சாய்ந்து நின்றுவிட்டாள்.

அந்த விடுதியைப் பற்றி எங்களுக்குத் தெரியும். அக்கா புலம்பாத நாள் இல்லை. விடுதிக்கு மாதம் இவ்வளவு யூனிட்தான் என்று ஒரு வரம்பு இருக்கிறது. பழைய ஹீட்டர்கள் இருபதாம் தேதிக்குள் அதைக் குடித்துத் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு வார்டன் குளியலறை மெயினை இறக்கிவிடுவார். போன வருஷம் குளிர் மாதத்தில், பரீட்சை சமயம், தொண்ணூறு பெண்கள் பத்து நாள் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். மூன்று பேருக்குக் காய்ச்சல், ஒருத்தி பரீட்சையே எழுதவில்லை. "என் பொண்ணுங்க நடுங்கிட்டே வந்து கணக்குப் போடுதுங்கடா" என்று அக்கா என்னிடம் அழுதிருக்கிறாள். அதற்காகத்தான் சண்டை போட்டுப் புது ஹீட்டர் வாங்கிக்கொடுக்கிறாள். எண் பெரியதாகப் பார்த்து எடுத்தால், பழைய கதைதான் திரும்பும். கையெழுத்து அவளுடையதாக இருக்கும்.

"நீயே போன் பண்ணிச் சொல்லிடேன்" என்றேன்.

"எப்படிங்க சொல்லுவேன்? ஆறு வருஷத்துல மொத மொதலா ஒண்ணு கேட்டாங்க. அதுவும் எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயத்த. நான் சொன்னத நம்பி வாங்கிட்டு, வீடு தேடி வந்து சந்தோஷமாச் சொல்றாங்க. அத நானே போய், தப்பா வாங்கிட்டீங்கன்னு சொல்லணுமா? இனிமே என்கிட்ட எதாவது கேப்பாங்களா?"

"அப்ப நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா, நான் பின்னாடி இருந்து சிரிச்சேன்னு நினைப்பாங்க."

அதுவும் நியாயம்தான். சொன்னால் ஒரு உறவு போகும், சொல்லாவிட்டால் தொண்ணூறு பெண்களுக்கு வெந்நீர் போகும். வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. என் கதைகள் எல்லாம் அச்சுக்குப் போகுமுன் அக்கா கைக்குத்தான் போகும். ஒற்றுப் பிழை பார்ப்பது அவள்தான். இருபது வருஷப் பழக்கம். கதையாக எழுதிவிட்டால்? யாரும் யார் முகத்துக்கு நேராகவும் எதுவும் சொல்லவேண்டாம். படிக்கிறவளுக்குப் புரிந்துவிடும். இலக்கியத்தால் ஒரு உபயோகமும் இல்லை என்கிறவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும் என்று அன்று மார்தட்டினேன்.

5

திங்கட்கிழமை மொத்தக் கதையையும் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். அந்த மூன்றாவது தொடக்கத்தோடுதான். படிக்கத் தெரியாத டீச்சர், பாவப்பட்ட தம்பி பெண்டாட்டி கதை. மனைவியின் பாத்திரத்தை ஜன்னலோரம் நிற்கவைத்து, கண்ணில் இரண்டு சொட்டும் வைத்திருந்தேன்.

அவள் படித்து முடித்துவிட்டு, பேப்பரைத் தட்டிச் சீராக அடுக்கினாள். கோபம் வந்தால் அப்படித்தான் அடுக்குவாள்.

"அண்ணிய முட்டாளாக்கி வச்சிருக்கீங்க."

"கதைக்கு ஒரு சிரிப்பு வேணாமா?"

"சிரிப்பு வேணும்னா உங்கள வச்சு எழுதுங்க. மோப்பம் பிடிக்கிற ஃப்ரிட்ஜ் இருக்குல்ல, அத எழுதுங்க." (எழுதிவிட்டேன். மேலே பார்த்திருப்பீர்கள்.) "தப்பு அவங்களுதில்ல, என்னுது. படிக்கிறவங்களுக்குப் புரியலன்னா, நான் அளந்து என்ன, அளக்காம என்ன? கம்மியா இருக்குறத வாங்குங்கன்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெரிய இவளாட்டம், பாத்துக்கோங்கன்னு சொல்லியிருக்கேன்."

"சரி, மாத்திடறேன்."

"அப்புறம், நான் ஜன்னலுக்குப் பக்கத்துல நின்னு அழல. பாத்திரம் தேச்சுக்கிட்டே அழுதேன்."

அது எனக்குத் தெரியாது. ஜன்னலை அடித்துவிட்டேன். பாத்திரத்தைக் கதையில் சேர்க்க மனசு வரவில்லை, இங்கே மட்டும் சொல்கிறேன்.

6

மாற்றி எழுதிய பிரதியைச் செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறையில் அக்காவிடம் கொடுத்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது கிட்டத்தட்ட அந்தப் பிரதிதான், முந்தின பகுதி வரை. "வியாழக்கிழமைக்குள்ள வேணும்கா" என்றேன். "என்னடா இவ்வளவு அவசரம், பத்திரிகைக்காரன் வாசல்ல நிக்கிறானா?" என்றாள்.

காத்திருந்த இரண்டு நாளில் முடிவுகள் எழுதிப் பார்த்தேன். சும்மா இருக்க என்னால் ஆகாது.

முடிவு அ: அக்கா கொதித்துப்போகிறாள். "என்னக் கதையாக்கி ஊருக்கு விக்கிறியா?" பிரதி நாலாகக் கிழிகிறது. ஹீட்டர்கள்

முடிவு ஆ: அக்கா வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். மூவரும் சேர்ந்து டீ குடிக்கிறோம். (இது சினிமா. விட்டுத்தள்ளுங்கள்.)

முடிவு இ: அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். படித்ததாகவே காட்டிக்கொள்ளாமல், வெள்ளிக்கிழமை சின்ன எண்ணாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். நாங்களும் ஒன்றும் கேட்கமாட்டோம். கௌரவமான முடிவு. இதுதான் நடக்கும் என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை மத்தியானம் போனேன். அக்கா கவரை நீட்டினாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒற்றுப் பிழை நாப்பத்தொண்ணு. கழித்தல் கணக்கு ஒண்ணு தப்பு. இந்த வயசுல உனக்குக் கழிக்கத் தெரியல. கெளம்பு, எனக்கு பீரியட் இருக்கு."

பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். எண்பத்திரண்டு எழுபத்திரண்டாகியிருந்தது. 'க்', 'ச்', 'ப்' எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன. விடுதிப் பத்தியில் தொண்ணூறை அடித்துத் தொண்ணூற்று மூன்று என்று எழுதியிருந்தாள். (கதைக்கு முழு எண்தான் அழகு என்று நான் தொண்ணூறாகவே விட்டுவிட்டேன்.) 'எதுக்கெடுத்தாலும் அளந்து பாக்குது' என்று அவள் சொன்ன வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி மட்டும் இருந்தது. மூன்றாம் பகுதியில், மனைவி போனில் சொன்ன அந்த வாக்கியத்தின்மேல் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தன் முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தாள்:

"இந்த வரி தவறு. அவள் சொன்னது: 'ஜாஸ்தியா இருக்குறத வாங்காதீங்க அண்ணி.' எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டும் அதைத்தான் வாங்கினேன், வீம்புக்கு. தவறு என்னுடையது. திருத்தாமல் அச்சுக்குக் கொடுக்காதே."

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

7

மனைவி ஆறு மணிக்கு வந்தாள். கைகூடக் கழுவவிடாமல் அந்தப் பக்கத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள்.

"பொய்" என்றாள். "நான் அப்படிச் சொல்லவே இல்ல. பாத்துக்கோங்கன்னுதான் சொன்னேன். எம்மேல பழி வரக்கூடாதுன்னு அவங்க எடுத்துப் போட்டுக்கிறாங்க."

"நல்லாக் கேட்டுச்சுன்னு எழுதியிருக்காளே?"

"உங்களுக்கு உங்க அக்காவப் பத்தி ஒண்ணும் தெரியாது."

நாற்பத்திரண்டு வருஷமாக எனக்கு அவள் அக்கா. பதில் சொல்ல வாயெடுத்தேன். போன் அடித்தது. வழக்கமாக அக்கா கூப்பிட்டால் என் போன்தான் அடிக்கும். இது என்னுடையது இல்லை.

"சொல்லுங்க அண்ணி... ம்... இல்ல அண்ணி, நான் சொன்னதுதான் தப்பு... ஐயோ, நீங்க ஏன் அப்படி எழுதுனீங்க?... நான் ஒண்ணும் கத விடல... சரி, சரி, வாதாடல... அந்த லிஸ்ட்ட இப்பவே படிங்க, நான் குறிச்சுக்கிறேன்... நாளைக்கா? நானா?... பத்து மணிக்கு வந்துடறேன். லீவு சொல்லிடறேன்... அவர் எதுக்கு, நாம ரெண்டு பேரும் போதும்..."

பேனாவைக் கேட்டு என் பக்கம் கையை மட்டும் நீட்டினாள். இதை எழுதிக்கொண்டிருந்த பேனாவைத்தான் கொடுத்தேன். ஆகவே இது பென்சிலில்.

எந்த முடிவும் எனக்குப் பலிக்கவில்லை, ஆனாலும் வருத்தமில்லை. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மூன்றாம் பகுதியில் எந்த வாக்கியத்தை வைப்பது? என் மனைவி சொன்னதையா, அக்கா திருத்தியதையா? இரண்டும் நிஜமாக இருக்கமுடியாது. அக்கா கேட்டும் கேளாததுபோல் வீம்புக்கு வாங்கியிருந்தால், அவளைக் காப்பாற்ற என் மனைவி அந்தப் 'பாத்துக்கோங்க'வை உண்டாக்கி என்னிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்தால், இருபத்தாறு வருஷம் யாருக்கும் ஒரு மார்க் சும்மா போடாத அக்கா, முதல் தடவையாகத் தனக்குத்தானே முட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அடிக்கத் தெரியாமல் இல்லை. இந்தக் கதையில் எத்தனை வரி அடித்தேன் என்று நீங்களே பார்த்தீர்கள். இதை மட்டும் அடிக்கமாட்டேன். நீங்கள் வேண்டுமானால் ஒன்றை அடித்துக்கொள்ளுங்கள். எதை அடித்தாலும், ஆறு வருஷம் நேராகப் பேசாத இருவரில் ஒருத்தி மற்றவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அது யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் எனக்குச் சொல்லவேண்டாம். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.